குருவுக்குக் கார், சீடருக்குக் கைச்செலவுக் காசு: சான்பிரான்சிஸ்கோ ஜென் மைய நிகழ்வு ஆய்வு

ஆன்மிக குரு ஒருவர் மாட்டிக்கொண்டார் என்ற செய்தி வந்ததும் பேச்சு குற்றத்தின் பக்கம் போய்விடுகிறது. புகார், கைது, தீர்ப்பு, மேல்முறையீடு. குற்றம் நிரூபணமானால் 'போலிச் சாமியார்' என்று முத்திரை குத்திவிட்டு நகர்கிறோம். நிரூபணமாகாவிட்டால் 'வீண்பழி' என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். இரண்டு வழியிலும் ஒரு கேள்வி விட்டுப்போகிறது. சீடர் செய்தால் தவறாக இருந்த அதே செயல் குரு செய்தபோது எப்படித் தவறில்லாமல் போனது? அதற்கு ஒத்துழைத்தவர்கள் யார் யார்?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகத்தான் குற்றவழக்கே இல்லாத ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். 1983-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ ஜென் மையத்தில் தலைமைக் குருவாக இருந்த ரிச்சர்ட் பேக்கர் பதவியை இழந்தார். யாரும் சிறைக்குப் போகவில்லை. பேக்கர் எங்கிருந்தோ வந்து காவி கட்டிக்கொண்டவரும் அல்லர். முறைப்படி பயிற்சி பெற்றவர், அசாத்திய உழைப்பாளி, அந்த நிறுவனத்தை இத்தனை பெரிதாக வளர்த்தவரே அவர்தான். சீடர்களும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. நன்றாகப் படித்தவர்கள்; அரசு, போர், குடும்பம் என எல்லா அதிகாரத்தையும் கேள்வி கேட்டு வளர்ந்த அறுபதுகளின் தலைமுறை. அவர்கள் நடுவிலேயே இரண்டு அளவுகோல்கள் ஒரு பத்தாண்டுக்கு மேல் சத்தமில்லாமல் புழங்கின.

எப்படித் தொடங்கியது

ஷுன்ரியூ சுசுகி ஜப்பானின் சோட்டோ ஜென் என்ற, தியானத்தை மையமாகக் கொண்ட பௌத்த மரபைச் சேர்ந்த துறவி. 1959-இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். அங்கே வசித்த ஜப்பானியக் குடும்பங்களுக்கான சிறிய கோயிலைக் கவனித்துக்கொள்வதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. தியானம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்த அமெரிக்க இளைஞர்களிடம், 'நான் தினமும் விடியற்காலையில் உட்காருகிறேன், விருப்பமிருந்தால் நீங்களும் வந்து உட்காருங்கள்' என்கிற ரீதியில் சொல்லி வைத்தார். வந்தார்கள். 1962-இல் அது பதிவுபெற்ற நிறுவனமானது. 1967-இல் கலிபோர்னிய மலைக்காட்டுக்குள், வெந்நீர் ஊற்று உள்ள டாசஹாரா என்ற இடத்தில் ஒரு ஜென் மடம் எழுந்தது. ஆசியாவுக்கு வெளியே முறையான பயிற்சிக்கென்று அமைந்த முதல் ஜென் மடம் அதுதான். அந்த நிலத்தை வாங்கப் பணம் திரட்டியதில் முன்னால் நின்றவர் பேக்கர்.

சுசுகி 1971 டிசம்பரில் புற்றுநோயால் இறந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்பு, எழுந்து நிற்கவே சிரமப்பட்ட நிலையில், பேக்கரைத் தன் இடத்தில் அமர்த்தும் சடங்கை நடத்தி வைத்தார். பேக்கருக்கு அப்போது வயது 35. அமெரிக்கச் சீடர்களில் சுசுகி முழுமையான தர்ம வாரிசாக, அதாவது தன் குரு மரபைத் தொடரும் உரிமை பெற்றவராக, ஏற்றது அவர் ஒருவரைத்தான். இதைச் சரித்திரத் தகவலாக மட்டும் வாசித்துவிட்டுப் போக வேண்டாம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் பூட்டும் சாவியும் இதுவே.

அடுத்த பத்தாண்டில் மையம் மளமளவென வளர்ந்தது. 1972-இல் கடலோரப் பள்ளத்தாக்கில் கிரீன் கல்ச் பண்ணை. 1976-இல் நகரத்தில் ரொட்டிக்கடை. 1979-இல் கோல்டன் கேட் பாலம் தெரியும் இடத்தில் 'கிரீன்ஸ்' என்ற சைவ உணவகம். பண்ணைக் காய்கறி உணவகத்துக்கு வந்தது. பண்ணையில் களை எடுத்ததும், உணவகத்தில் பாத்திரம் கழுவியதும், மேசைக்குத் தட்டு கொண்டுபோனதும் பெரும்பாலும் சீடர்களே. மற்ற உணவகங்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாத வேலைகளெல்லாம் இங்கே தியானப் பயிற்சியின் பகுதியாக நடந்தன.

ஒரே கூரை, இரண்டு வாழ்க்கை

மையத்தில் வசித்த சீடரின் நாள் விடிவதற்கு முன்பே மணியோசையோடு தொடங்கும். தியானம், சூத்திர ஓதுதல், கஞ்சி, அதன்பின் வேலை, மாலையில் மறுபடி தியானம். உணவகத்தில் வேலை என்றால் இரவு நேரம் ஆகும். மறுநாள் மணி அதே நேரத்தில்தான் அடிக்கும். தங்க இடமும் சாப்பாடும் உண்டு, கையில் சொற்பமான மாதப்படி. கல்யாணம், குழந்தை, மேற்படிப்பு எல்லாம் பயிற்சிக்குப் பிறகு. பற்று குறைய வேண்டும், எளிமை வேண்டும், 'என்னுடையது' என்ற எண்ணம் கரைய வேண்டும். இதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இதைத் தேடித்தான் வந்திருந்தார்கள்.

பேக்கருக்கு நகரத்திலும் பண்ணையிலும் மலைமடத்திலும் தனித்தனி இருப்பிடங்கள் இருந்தன. பணிவிடைக்குச் சீடர்கள் இருந்தார்கள். ஓட்டியது வெள்ளை பிஎம்டபிள்யூ கார். கலிபோர்னிய ஆளுநர் ஜெரி பிரவுன் உட்படப் பிரபலங்கள் அவருடைய விருந்தாளிகள். அந்த விருந்துகளில் பரிமாறியவர்கள், காலை மணிக்கு எழுந்த அதே சீடர்கள்.

காரை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது அற்பமாகத் தெரியலாம். பெரிய நிறுவனத்தை நடத்துகிறவருக்குக் கார் வேண்டாமா, நன்கொடையாளர்களைப் பார்க்கப் பேருந்திலா போவார் என்று கேட்டால் நியாயம்தான். ஆனால் 'வசதி தேவை' என்ற அதே வாதத்தை ஒரு சீடர், தன் குழந்தைக்குத் தனி அறை வேண்டும் என்பதற்காகச் சொல்லியிருந்தால் அது தேவை என்று கேட்கப்பட்டிருக்குமா, பற்று என்று கேட்கப்பட்டிருக்குமா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது வீடுகளில் மட்டும் நடப்பதில்லை.

1983

அந்த ஆண்டு வசந்தத்தில் உடைந்தது பணத்தால் அல்ல. மணமான பேக்கருக்கு, தன் நெருங்கிய நண்பரும் மையத்தின் ஆதரவாளருமான ஒருவரின் மனைவியோடு உறவு இருந்தது வெளியே தெரிந்தது. பேச்சு கிளம்பியதும், அதற்கு முன்பு சீடர்களோடு இருந்த உறவுகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. நிர்வாகக் குழு கூடியது. பேக்கர் விடுப்பில் போனார். டிசம்பரில் பதவி விலகினார்.

இங்கே ஒரு விஷயத்தில் நிதானமாக நிற்க வேண்டும். உறவு வெளியே வந்த பிறகுதான் சீடர்கள் காரைப் பற்றியும் விருந்துகளைப் பற்றியும், உழைப்புக்கும் செலவுக்கும் இருந்த பொருத்தமின்மையைப் பற்றியும் வாய்விட்டுப் பேசினார்கள். ஆனால் கார் ஒளித்து வைத்த கார் இல்லை. எல்லோர் கண் முன்னாலும் வாசலில் நின்ற கார். விருந்துகளும் அப்படியே. ஆக, பத்தாண்டுக் காலம் குறைந்தது தகவல் அல்ல. பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல ஒரு மொழி இல்லை.

ஏன் இல்லை? சோட்டோ ஜென்னில் தீட்சை பெறுவோர் ஏற்கும் பதினாறு நெறிகளில் பத்து நேரடியான ஒழுக்க விதிகள். மூன்றாவது, பாலுறவில் முறை தவறக்கூடாது என்பது. ஆறாவது, பிறர் குறைகளைப் பேசக்கூடாது என்பது. பத்தாவது, புத்தம், தர்மம், சங்கம் என்ற மூன்று ரத்தினங்களை இழித்துரைக்கக் கூடாது என்பது. ஏட்டில் இவை குருவுக்கும் சீடருக்கும் பொது. நடைமுறையில் பாருங்கள். குரு மூன்றாவதை மீறுகிறார்; அதைக் கண்ட சீடர் சொல்ல வாய் திறந்த கணத்தில் ஆறாவதை மீறியவர் ஆகிறார். இன்னும் அழுத்திச் சொன்னால் பத்தாவதும் வந்து தலையில் விழும். குருவின் மீறல் அறைக்குள் நடக்கிறது, சீடரின் மீறல் சபையில் நடக்கிறது. முதலில் கண்டிக்கப்படுவது எது என்பதைச் சொல்லத் தேவையில்லை. புறங்கூறாமை என்பது அருமையான விதி. மேலிருந்து கீழே மட்டும் அமலாகும்போது அதே விதி வாய்ப்பூட்டாகிவிடுகிறது.

சந்தேகத்தின் விலை

இரண்டாவது காரணம், முன்பு சொன்ன வாரிசு விஷயம். ஜென் மரபில் குரு பதவி என்பது புத்தரிடமிருந்து குருவுக்குக் குரு, மனதிலிருந்து மனதுக்கு, அறுபடாமல் வந்த சங்கிலி என்று சொல்லப்படுகிறது. காலை ஓதுதலில் அந்தப் பெயர் வரிசையையே உச்சரிக்கிறார்கள். பேக்கரிடம் ஏதோ சரியில்லை என்று ஒரு சீடருக்குத் தோன்றுகிறது என்று வையுங்கள். அப்படியானால் சுசுகி ஆளைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டாரா? சுசுகியின் பார்வையே பிசகியது என்றால், அவர் கொடுத்த தியானத்தை நம்பி வேலையை விட்டு வந்த எட்டு ஆண்டு என்ன ஆவது? ஒரு காரைப் பற்றிய சந்தேகம் மூன்றே படிகளில் சொந்த வாழ்க்கையைப் பற்றிய சந்தேகமாகிவிடுகிறது. அதைவிட, 'குருவின் செயலுக்கு நமக்குப் புரியாத அர்த்தம் இருக்கும்' என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவப் போவது எளிது.

அமெரிக்க சமூக உளவியலாளர் எட்வின் ஹாலண்டர் 1958-இல் முன்வைத்த ஒரு கருத்து இங்கே அப்படியே பொருந்துகிறது. குழுவின் விதிகளை அட்சரசுத்தமாகக் கடைப்பிடித்து, குழுவுக்கு நல்லதும் செய்கிற ஒருவருக்கு மற்றவர்கள் மனதில் வரவுக்கணக்கு ஒன்று ஏறிக்கொண்டே போகிறது. பிற்பாடு அவர் விதியை மீறும்போது உடனே தண்டிக்காமல் அந்தக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்கிறார்கள். பேக்கர் சம்பாதித்த வரவு பெரிது. அதற்கு மேல் சுசுகியின் வரவு மொத்தமும் ஒரே நாள் சடங்கில் அவர் கணக்கில் ஏறியது. சீடர் கணக்கிலோ ஏற ஏற எடுத்துக் குருவின் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். நன்றாகப் பயிற்சி செய்தால் குருவருள், சொதப்பினால் சொந்த அகங்காரம்.

2010-இல் வெளியான இன்னொரு ஆய்வு, அதிகாரத்தில் இருப்பதாக உணர வைக்கப்பட்டவர்கள் பிறரின் தவறை அதிகக் கண்டிப்போடு எடைபோட்டு, தாங்கள் அதே தவறைச் செய்வதில் தாராளமாக இருந்ததாகச் சொன்னது. தனக்கு அந்த அதிகாரம் நியாயமாகவே வந்தது என்று நினைத்தவர்களிடம்தான் இந்தப் போக்கு தெரிந்தது. தகுதியில்லாமல் கிடைத்தது என்று நினைத்தவர்கள் தங்களிடமே கண்டிப்பாக இருந்தார்கள். (அந்த ஆய்வின் ஆசிரியர் மூவரில் ஒருவர் டீடெரிக் ஸ்டாப்பல். 2011-இல் வேறு பல ஆய்வுகளுக்குத் தரவுகளை இட்டுக்கட்டியதற்காக வேலை போனவர். ஒழுக்கத்தைப் பற்றி எழுதுவதில் இப்படியும் ஒரு வசதி. அதனால் இந்த முடிவைக் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்க்கிறேன்.) இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. போலி குருவுக்குத் தான் போலி என்று தெரியும், பயமும் இருக்கும். முறைப்படி பீடம் ஏறியவருக்கு அந்த உறுத்தல் வர வழியில்லை.

இந்த விதிவிலக்கு ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ முளைத்ததும் அல்ல. பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், கண்ணன் கோபியரோடு ஆடிய ராசலீலையைக் கேட்டு முடித்த அரசன் பரீட்சித்து, தர்மத்தைக் காக்க வந்தவன் பிறர் மனைவியரோடு ஆடலாமா என்று கதை சொன்ன சுக முனிவரிடம் நேராகக் கேட்டுவிடுகிறான். நெருப்பு எதைத் தின்றாலும் அதற்குத் தீட்டில்லை, அதுபோல் வல்லமை உடையவர்களுக்குத் தோஷம் ஒட்டாது என்கிறார் சுகர். அதோடு, வல்லமை இல்லாதவன் அதை மனதாலும் செய்யக்கூடாது, ருத்திரன் குடித்தானே என்று மற்றவன் விஷத்தைக் குடித்தால் அழிவான் என்கிறார். அது இறைவனைப் பற்றிய பதில். பின்னால் வந்த எத்தனையோ குருமார்களுக்காக அவர்களுடைய சீடர்கள் அதே பதிலைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். கடன் வாங்கியவர்கள் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பரீட்சித்து கேட்ட கேள்வியை விட்டுவிட்டார்கள். அரசன் அப்படிக் கேட்டதற்குச் சுகர் கோபிக்கவில்லை, 'குருநிந்தை' என்று வாயை அடைக்கவும் இல்லை.

அதே காலத்து வேறு இரண்டு இடங்கள்

அப்போது அதே மேற்குக் கரையில், ஓரிகான் மாநிலத்தில் இந்திய குரு ரஜனீஷின் (பின்னாளில் ஓஷோ) நகரம் எழுந்துகொண்டிருந்தது. 1981-இல் வாங்கிய, சுமார் 64,000 ஏக்கர் பண்ணை. சீடர்கள் நாளெல்லாம் சாலை போட்டார்கள், கட்டடம் எழுப்பினார்கள். அந்த வேலைக்கு அங்கே பெயர் 'வழிபாடு'. குருவுக்கு 93 ரோல்ஸ்ராய்ஸ் கார்கள். தினமும் ஒன்றில் அவர் மெதுவாகக் கடந்துபோக, சிவப்பு உடையில் சீடர்கள் சாலையோரம் கைகூப்பி நின்றார்கள். ஏன் இத்தனை கார் என்று கேட்டால், அமெரிக்கர்களின் பொருளாசையைக் கேலி செய்கிறார் என்றார்கள். பேக்கரின் ஒற்றைக் காருக்கு 'தேவை' என்ற சமாதானம் போதுமாக இருந்தது. கார் 93 ஆனதும் சமாதானமும் 'உபதேசம்' ஆக உயர்ந்துவிட்டது. ரஜனீஷ் தன் ஆசிரமத்தில் எளிமையை உபதேசித்தவர் அல்லர் என்பதைச் சொல்லியாக வேண்டும். அவருடைய இரட்டை அளவுகோல் வேறிடத்தில். 1981 முதல் 1984 வரை பொதுவில் மௌனம். நிர்வாகமெல்லாம் செயலாளர் ஷீலா கையில். 1984-இல் உள்ளூர்த் தேர்தலைக் குறிவைத்து அவருடைய சீடர்கள் சிலர் பத்து உணவகங்களில் சால்மோனெல்லா கிருமி கலந்ததில் 751 பேர் நோயுற்றார்கள். 1985 செப்டம்பரில் ஷீலா வெளியேறியதும் குரு எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினார். ஷீலா 1986-இல் கொலை முயற்சி உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ரஜனீஷுக்குக் குடியேற்ற விதிமீறல் வழக்கில் 4 லட்சம் டாலர் அபராதமும் நாட்டைவிட்டு வெளியேற்றமும். நல்லது நடந்தால் எல்லாம் அறிந்தவர், கெட்டது நடந்தால் ஒன்றும் அறியாதவர்.

மூன்றாவது இடம் இன்னும் கசப்பானது. திபெத்திய குரு சோக்யம் துருங்பா உருவாக்கிய வஜ்ரதாது அமைப்பில், 1976-இல் அவர் வாரிசாக நியமித்தது ஓசெல் தென்சின் என்ற அமெரிக்கரை. தனக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தும் தென்சின் பாதுகாப்பில்லாத உறவுகளைத் தொடர்ந்தார் என்பது 1988 டிசம்பரில் பகிரங்கமானது. தனக்கு ஏதோ விசேஷப் பாதுகாப்பு உண்டென்று நம்பியதாக விளக்கம் சொன்னார். நிர்வாகத்தில் சிலருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவரிடமிருந்து தொற்றுக்கு ஆளான ஓர் இளைஞர் இறந்தார். தென்சினும் 1990-இல் எய்ட்ஸால் இறந்தார். சுகர் சொன்ன விஷ உவமையை இந்த நிகழ்வுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூசுகிறது. இங்கே விஷம் போய்ச் சேர்ந்தது அடுத்தவர் உடம்புக்கு.

பின்பு மாறியவை

சான்பிரான்சிஸ்கோவில் பலர் மையத்தை விட்டுப் போனார்கள். இருந்தவர்கள், சுசுகியின் காலத்திலிருந்தே அவர்களுக்குப் பழக்கமான ஜப்பானியத் துறவி டைனின் கட்டகிரியைத் தற்காலிகமாக அழைத்து வைத்துக்கொண்டார்கள். 1986-இல் புதிய தலைமைக் குரு வந்தார். மறு ஆண்டே ஒரு சோதனை. மையத்தின் அருகே கத்திமுனையில் தன்னைக் கொள்ளையடித்தவனை அவர் துப்பாக்கியோடு துரத்திப் போய்க் கைதானார். கொல்லாமையை முதல் விதியாகச் சொல்லிக்கொடுப்பவர் கையில் துப்பாக்கி. இந்தத் தடவை யாரும் 'இதற்கும் ஆழ்ந்த அர்த்தம் இருக்கும்' என்று சொல்லிக் கடக்கவில்லை. அவரைச் சில மாதம் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்தார்கள். திரும்பி வந்தபோது பதவி இரண்டு பேருக்கிடையில் பகிரப்பட்டது. பிறகு தலைமைக் குருவுக்குப் பதவிக்காலம் வந்தது, எழுதி வைத்த ஒழுக்க நெறிகள் வந்தன, ஒருவர்மீது ஒருவர் முறையிட வழிமுறை வந்தது. ஆறாவது விதிக்குப் பயந்து வாய்மூடியிருந்தவருக்கு, பேச ஓர் இடம் கிடைத்தது என்று இதைச் சொல்லலாம்.

1993 மார்ச்சில் தர்மசாலாவில் தலாய் லாமாவோடு கூடிய மேற்கத்திய பௌத்த ஆசிரியர்கள் வெளியிட்ட பகிரங்கக் கடிதமும் இதே திசையில் பேசியது. எந்த நிலையை எட்டியதாகச் சொல்லிக்கொண்டாலும் எந்த ஆசிரியரும் ஒழுக்க நெறிகளுக்கு மேலானவர் அல்லர், தவறு செய்பவரைப் பற்றிப் பேச மாணவர்களை ஊக்குவிக்க வேண்டும் என்றது.

இவற்றைப் பாராட்டும்போதே ஒரு குறை சொல்லத் தோன்றுகிறது. விதிகள் எல்லாம் குருவின் நடத்தையைச் சுற்றியே எழுதப்பட்டன. பேக்கர் கொலராடோவிலும் பின்னர் ஜெர்மனியிலும் மையங்கள் அமைத்துத் தொடர்ந்து கற்பித்தார். நிறுவனத்துக்குப் பண்ணையும் உணவகமும் நற்பெயரும் மிஞ்சின. இருபத்தைந்து வயதில் வந்து முப்பத்தைந்தில் வெளியேறிய ஒரு சீடர், பத்தாண்டு பாத்திரம் கழுவியதற்குச் சம்பளமா பயிற்சியா என்று கேட்டால் பதில் சொல்ல எந்த விதியும் எழுதப்படவில்லை. அவருடைய மாதப்படியில் சேமிப்பு என்று ஒன்று சாத்தியமே இல்லை. வெளியே வேலைக்கு விண்ணப்பம் போடும்போது அந்தப் பத்தாண்டை என்னவென்று எழுதுவது என்பதையும் அவரே முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது.